ரோபோ கண்ணைப் பார்த்துச் சொன்னால் கேட்போமா? எந்தப் பார்வை எந்த இடத்துக்கு

முதியோர் இல்லம் நடத்துபவர்கள், மருத்துவமனை நிர்வாகிகள், இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ரோபோ செய்யும் பொறியியல் மாணவர்கள் என்று பலரும் ஒரே சந்தேகத்தை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். அசையும் கண்கள் உள்ள தலையை வாங்குவதா, திரையில் வரைந்த கண்கள் போதுமா, அல்லது கண்ணே வேண்டாமா? வாங்கிய பிறகு, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பின்தொடரும் வசதியைப் போட்டுவைப்பதா, அணைத்துவைப்பதா?

விற்பனையாளர்கள் இதைத் தோற்றம் சார்ந்த விஷயமாகவே சொல்கிறார்கள். "கண்ணைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பிடிக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு ரோபோ மாத்திரை சாப்பிடச் சொல்கிறது, வரிசையில் நிற்கச் சொல்கிறது, படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறது. அந்தச் சொல்லை எதிரில் இருப்பவர் கேட்பாரா, கேட்டால் மனம் ஒப்பிக் கேட்பாரா, கூச்சத்தில் கேட்பாரா என்பதில் கண்ணுக்குப் பங்கு இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோபோவின் பார்வை எல்லாக் கோரிக்கைகளுக்கும் ஒரேபோல் பலம் சேர்ப்பதில்லை. நியாயமான கோரிக்கைக்குத் துணை நிற்கிறது. நியாயம் குறைந்ததற்கு எதிர்ப்பைக் கிளப்புகிறது. மறுக்கும் உரிமை முக்கியமான இடங்களில் அந்தப் பார்வையே ஒரு நெருக்கடி. ஆகவே கண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், ரோபோ பேசப்போகும் வாக்கியங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

கேட்கும் காரியத்தின் நியாயம். இதுவே முதல் அளவுகோல். மனிதர்களை வைத்து நடந்த ஒரு பழைய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ் க்ளைன்கி 1980ஆம் ஆண்டு வெளியிட்ட அந்த ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் சில்லறை கேட்கச் செய்தார்கள். தொலைபேசியில் பேச வேண்டும் என்பது போன்ற நியாயமான காரணத்தைச் சொன்னபோது, கண்ணைப் பார்த்துக் கேட்டவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. காரணம் அற்பமாக இருந்தபோது நிலைமை தலைகீழானது. பார்வையை விலக்கிக் கேட்டவர்களுக்கே அதிகம் கிடைத்தது. சும்மா மிட்டாய் வாங்கக் காசு கேட்டுக்கொண்டு கண்ணையும் முறைத்துப் பார்த்தால் எவருக்கும் எரிச்சல் வரத்தானே செய்யும்.

2013இல் ஃபிரான்சஸ் சென் குழுவினர் இன்னொரு கோணத்தைக் காட்டினார்கள். தங்கள் கருத்துக்கு மாறான பேச்சைக் கேட்டவர்கள், பேசுபவரின் கண்களை எவ்வளவு அதிகம் பார்த்தார்களோ அவ்வளவு குறைவாகவே மனம் மாறினார்கள். நம்மோடு உடன்படுபவரின் பார்வை நெருக்கமாகத் தெரிகிறது. முரண்படுபவரின் பார்வை சவாலாகத் தெரிகிறது.

மறுப்பதற்கு உள்ள வழி. இந்த அளவுகோலைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக எடை தருவேன். யேல் பல்கலைக்கழகத்தில் 1960களில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய கீழ்ப்படிதல் சோதனைகள் பலருக்கும் தெரிந்தவை. வெள்ளை மனத்தோடு வந்த சாதாரண மனிதர்கள், இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டு, ஆய்வாளர் சொன்னபடி விசையை அழுத்திக்கொண்டே போனார்கள். அடிப்படைச் சோதனையில் 65 சதவீதம் பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். ஆய்வாளர் அறையைவிட்டுப் போய்த் தொலைபேசியில் கட்டளையிட்டபோது, கடைசிவரை போனவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். சிலர் குறைந்த மின்னதிர்ச்சியைக் கொடுத்துவிட்டுக் கூட்டியதாகப் பொய்யும் சொன்னார்கள். பார்வை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது; நேரில் நிற்பதில் குரல், உடல், அதிகாரம் எல்லாமே அடங்கியிருக்கின்றன. ஆனாலும் பார்க்கும் கண் இல்லாத இடத்தில் 'முடியாது' என்று சொல்வது எளிதாகிறது என்பது நம் எல்லோருக்கும் அனுபவத்தில் தெரிந்ததே.

ரோபோவுக்கும் இந்த அதிகாரம் வருமா? கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியான ஆய்வு, அறத்தை மீறாத ஒரு சலிப்பூட்டும் வேலையை எடுத்துக்கொண்டது. கணினியில் கோப்புகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கையால் மாற்ற வேண்டும். ஒரு தொகுதி முடிந்தால் அதைவிடப் பெரிய தொகுதி வரும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நிறுத்தப் பார்த்தவர்களைத் தொடரச் சொல்லி வற்புறுத்தியது, சிலருக்கு மனித ஆய்வாளர், சிலருக்கு நாவோ என்ற சிறிய ரோபோ. மனிதர் சொன்னபோது 86 சதவீதம் பேர் 80 நிமிடங்களும் தாக்குப்பிடித்தார்கள். ரோபோ சொன்னபோது 46 சதவீதம். குறைவுதான். ஆனால் முழங்கால் உயரத்தைச் சற்றே தாண்டிய ஒரு பிளாஸ்டிக் பொம்மை சொன்னதற்காக, ஏறத்தாழ பாதிப்பேர் வெறுத்துப்போன வேலையை முழுநேரமும் செய்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிவின் வேகம். இத்தாலியின் ஜெனோவாவில் உள்ள இத்தாலியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் அக்னியெஷ்கா விகோவ்ஸ்காவின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கட்டுரைக்கு மிக நெருக்கமானது. பங்கேற்ற 40 பேரும் ஒரு கணினி விளையாட்டை ஆடினார்கள். இரண்டு கார்கள் ஒன்றை ஒன்று நோக்கி விரைகின்றன. ஒதுங்குவதா, நேரே போவதா? முடிவெடுக்கும் முன் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஐகப் என்ற குழந்தை உருவ ரோபோவை ஏறிட்டுப் பார்க்க வேண்டும். அதன் விழிகள் உண்மையாகவே அசைபவை. சில சுற்றுகளில் அது அவர்களுடைய கண்ணைச் சந்தித்தது. சில சுற்றுகளில் வேறு பக்கம் பார்த்தது. கண்ணைச் சந்தித்தபோது முடிவெடுக்க நேரம் கூடியது. மூளை அலைப் பதிவிலும் வேறுபாடு தெரிந்தது. எதிரே இருப்பது இயந்திரம் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அந்தப் பார்வையைப் புறந்தள்ள மூளை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

எதிரில் யார், எத்தனை பேர். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த ஏறத்தாழ 500 பேரிடம், திரையில் ஒருவர் தங்களைப் பார்ப்பதைக் காட்டி, எவ்வளவு நேரம் பார்த்தால் சங்கடம் இல்லை என்று கேட்டார்கள். சராசரி 3.3 வினாடி. அதைத் தாண்டினால் முறைப்பு. ஆனால் இது ஊருக்கு ஊர் மாறும். பின்லாந்துக்காரர்களையும் ஜப்பானியர்களையும் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வில், நேராகப் பார்க்கும் முகத்தை ஜப்பானியர்கள் கூடுதல் கோபமுள்ளதாகவும் அணுகக் கடினமானதாகவும் மதிப்பிட்டார்கள். நம் வீடுகளிலும் பெரியவர் கண்டிக்கும்போது சின்னவர் பார்வையைத் தாழ்த்துவதே மரியாதை. அப்படி வளர்ந்த ஒருவர், நேராகப் பார்த்துக் கட்டளையிடும் இயந்திரத்தை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை மேற்கத்திய ஆய்வு எண்களை அப்படியே வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஐந்தாவது, செலவு. அதில் பணம் ஒரு பகுதி மட்டுமே. மற்றவற்றை, கீழே வரும் நான்கு வழிகளைப் பார்க்கும்போது அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## முதல் வழி: விலகாத நேர்ப்பார்வை

முகத்தைக் கண்டுபிடித்த நொடியிலிருந்து அந்த முகத்தைவிட்டு விலகாமல் பார்ப்பது. பல ரோபோக்களில் முகப் பின்தொடர்தலைப் போட்டதும் கிடைப்பது இதுதான். நிரல் எழுதும் மாணவர்களுக்கும் இதுவே எளிது: முகம் எங்கே இருக்கிறதோ அங்கே தலையைத் திருப்பு, அவ்வளவுதான்.

இதற்கு உண்மையான பலன் உண்டு. 2006இல் பில்கே முட்லு குழுவினர் ஹோண்டாவின் ஆசிமோ ரோபோவைக் கதை சொல்ல வைத்தார்கள். கேட்ட இருவரில் ஒருவரை அது அதிக நேரமும் மற்றவரைக் குறைந்த நேரமும் பார்த்தது. அதிகம் பார்க்கப்பட்டவர்களுக்குக் கதை நன்றாக நினைவில் நின்றது. மாத்திரையின் பெயர், எடுக்க வேண்டிய நேரம் போன்றவற்றைச் சொல்லும் ரோபோவுக்கு இது சின்ன விஷயமில்லை.

எதிர்ப்பக்கமும் கனமானது. மேற்கு சிட்னி பல்கலைக்கழகத்தின் ஸ்டான்டன், ஸ்டீவன்ஸ் இருவரும் 2014இல் நாவோ ரோபோவை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மூடிய கிண்ணங்களில் எதில் பொருள் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. பங்கேற்பவர் விடை சொன்னதும் ரோபோ தன் கருத்தைச் சொல்லும்; விரும்பினால் விடையை மாற்றிக்கொள்ளலாம். கேள்வி கடினமாக இருந்தபோது ரோபோவின் பார்வை அதன் மேல் நம்பிக்கையைக் கூட்டியது. எளிதாக இருந்தபோது குறைத்தது. தனக்கே பதில் தெரிந்திருக்கும்போது ஒரு இயந்திரம் கண்ணைப் பார்த்து வலியுறுத்துவதை யாரும் விரும்புவதில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் தெரியாதபோது மனிதர் எளிதில் சாய்ந்துவிடுகிறார் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்குப் பெரும்பாலான விஷயங்கள் தெரியாதவைதானே. விலகாத பார்வை மிக அதிகமாக வேலை செய்யும் இடம், மனிதர் மிகவும் தளர்ந்திருக்கும் இடமாகவும் அமைந்துவிடுகிறது.

இன்னொரு மறைமுகச் செலவு தூரம். முட்லுவும் ஜொனதன் மம்மும் 2011இல் கண்டது: ரோபோவைப் பிடிக்காதவர்கள், அது தங்களை அதிகம் பார்த்தபோது இன்னும் தள்ளி நின்றார்கள். பிடித்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அதற்கு முன்பே 2009இல் லீலா தகயாமா, கரோலின் பான்டோஃபாரு இருவரும் செய்த ஆய்வில், ரோபோவின் தலை தங்கள் முகத்தை நோக்கித் திரும்பியிருந்தபோது பெண்கள் கூடுதல் இடைவெளி விட்டார்கள்; ஆண்கள் நெருங்கி வந்தார்கள். வரவேற்பறையில் தள்ளி நிற்பவரின் குரல் மைக்குக்குச் சரியாக எட்டாது. ரோபோ "மீண்டும் சொல்லுங்கள்" என்று கேட்கும். அவர் இன்னும் சங்கடப்பட்டுப் போய்விடுவார். பார்வையால் வந்த தொல்லை, குரல் அறியும் மென்பொருளின் கோளாறு என்று பதிவேட்டில் எழுதப்படும்.

எங்கே பொருந்தும்? ஒருவரே எதிரில் இருக்க, தகவல் குறுகியதாகவும் சர்ச்சையற்றதாகவும் இருக்க, சில வினாடிகளில் உரையாடல் முடிந்துவிடும் இடங்களில் மட்டும். "உங்கள் டோக்கன் 14, அறை இடப்பக்கம்" என்பது போன்ற பேச்சுக்கு.

## இரண்டாம் வழி: பேச்சோடு சேர்ந்த பார்வை

முக்கியமான சொல்லில் கண்ணைச் சந்திப்பது, யோசிக்கும்போது விலக்குவது, காட்ட வேண்டிய பொருளைப் பார்ப்பது, பதிலுக்காக மீண்டும் முகத்துக்குத் திரும்புவது. மனிதர்கள் எண்ணிப் பார்க்காமலே செய்யும் இந்த வேலையை ரோபோவுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் இங்கே கடினம்.

செய்துமுடித்தால் பலன் நிச்சயம் அதிகம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிதம்பரம், சியாங், முட்லு ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்பாளர்களுக்குக் கொடுத்த புதிர் இது: பாலைவனத்தில் மாட்டிக்கொண்டால் எந்தெந்தப் பொருள் முக்கியம் என்று வரிசைப்படுத்த வேண்டும். ரோபோ மாற்று யோசனைகள் சொல்லும். பார்வை, கையசைவு, நெருக்கம் போன்ற உடல்மொழியோடு சொன்னபோது அதன் யோசனையை ஏற்றவர்கள் கூடினார்கள். குரலின் ஏற்ற இறக்கத்தைவிட உடல்மொழிக்கே பலன் அதிகமாக இருந்தது. குரலுக்கு மட்டும் செலவு செய்துவிட்டுத் தலையை ஆணியடித்ததுபோல் நிறுத்திவைக்கும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவனில் யாப் ஹாம் குழுவினர் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. நாவோ ரோபோ பொய் சொல்வதன் விளைவைப் பற்றி ஒரு கதை சொன்னது. பார்வை சேர்ந்தபோது கதை கேட்டவர்களின் மனம் கூடுதலாக மாறியது. கையசைவோ, பார்வையும் சேர்ந்திருந்தால் மட்டுமே உதவியது. பார்வை இல்லாமல் கையை மட்டும் ஆட்டியபோது பலன் குறைந்துபோனது. அசையும் கைகள் உள்ள ரோபோ வாங்கும் எண்ணம் இருந்தால், பார்வையைச் சரிசெய்யாமல் கைக்குக் காசு கொடுப்பது வீண்.

பார்வையை விலக்குவதும் ஒரு பேச்சுதான். ஷான் ஆண்ட்ரிஸ்ட் குழுவினர் 2014இல் ரோபோவுக்குச் சரியான நேரத்தில் பார்வையை விலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படி விலக்கியபோது, அது யோசித்துப் பேசுவதாக மக்களுக்குத் தோன்றியது. 'இன்னும் நான் முடிக்கவில்லை' என்பதும் புரிந்தது.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். முதலாவது நேரப்பொருத்தம். "இந்த மாத்திரையை" என்று சொல்லி முடித்த பிறகு தலை மாத்திரைப் பெட்டிப் பக்கம் திரும்பினால், எதிரில் இருப்பவர் ரோபோ எதையோ தேடுவதாக நினைப்பார். இரண்டாவது கேமராவின் இடம். நாவோ போன்றவற்றில் கண்ணாகத் தெரிவது விளக்கு வளையம். கேமராக்கள் நெற்றியிலும் வாய்ப்பகுதியிலும் இருக்கின்றன. நெற்றிக் கேமராவின் நடுவில் முகம் வந்ததும் மென்பொருள் நிறைவடைந்துவிடும். ஆனால் அருகில் நிற்பவருக்கு அந்த விளக்குக் கண்கள் தன் மோவாயையோ கழுத்தையோ பார்ப்பதாகத் தெரியும். ஒவ்வொரு உயரத்துக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் இதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது தமிழ். ஆங்கில வாக்கியத்துக்கு எழுதிய பார்வை நேரத்தைத் தமிழ் வாக்கியத்தில் பொருத்தினால், வினைச்சொல் கடைசியில் வருவதால் அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் ரோபோ வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். இந்த வேலையைச் செய்யத் தமிழ் தெரிந்த ஒருவர் பல நாள் உட்கார வேண்டும். விலைப்பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது.

தனிமனிதத் தகவல் பற்றிய பொறுப்பும் உண்டு. முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைப் படம் பிடித்தாக வேண்டும். அந்தப் படம் ரோபோவுக்குள்ளேயே அழிகிறதா, வெளிச் சேவையகத்துக்குப் போகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் 2012 முதலே தனிநபர் தரவுச் சட்டம் உண்டு.

இத்தனை செலவையும் தாண்டி, முதியவர்களுக்குத் தினமும் நினைவூட்டும் ரோபோவுக்கும் வகுப்பறையில் கதை சொல்லும் ரோபோவுக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன். அங்கே கோரிக்கை அவர்களுக்கே நன்மை, உறவு நீண்டது, அவசரம் இல்லை.

## மூன்றாம் வழி: திரையில் வரைந்த கண்கள்

உணவகங்களில் தட்டு சுமந்து வரும் ரோபோக்களில் இப்போது பரவலாகக் காணப்படுபவை. மலிவு, மோட்டார் இல்லை, பழுது குறைவு, புன்னகையை மாற்றுவது எளிது.

ஒரே ஒரு பெரிய குறை உண்டு. தட்டையான திரையில் நேராகப் பார்க்கும் கண்கள், அறையில் எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பதாகத் தோன்றும். கோயில் மண்டபத்தில் மாட்டிய சாமி படம் எந்தத் தூணருகே நின்றாலும் நம்மைப் பார்ப்பதுபோல. ஸ்டாக்ஹோமில் உள்ள அரச தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இதையே சோதித்தார்கள். தட்டைத் திரையில் காட்டிய முகத்தால் கூட்டத்தில் ஒருவரை மட்டும் குறிப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. முகமூடி வடிவத் தளத்தில் ஒளிபாய்ச்சிய முகத்தால் முடிந்தது. ஃபுர்ஹாட் என்ற ரோபோத் தலை உருவானது இந்த யோசனையிலிருந்துதான்.

வெளிநோயாளிப் பிரிவில் ஐந்து பேர் நிற்கும்போது திரைக்கண் "நீங்கள் உள்ளே வாருங்கள்" என்றால் ஐந்து பேரும் ஓரடி எடுத்துவைப்பார்கள். அல்லது ஐவரும் மற்றவரைப் பார்ப்பார்கள். கூட்டத்தில் எவரும் தன்னிடம்தான் சொன்னது என்று பொறுப்பெடுத்துக்கொள்ளாவிட்டால் கீழ்ப்படிதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெயரையோ டோக்கன் எண்ணையோ சேர்த்துச் சொல்வதால் இந்தக் குறை ஓரளவு தீரும். பரிமாறுவது, வழியில் "தள்ளிப் போங்கள்" என்பது போன்ற எல்லோருக்கும் பொதுவான வேண்டுகோளுக்கு இந்தக் கண்கள் தாராளமாகப் போதும்.

## நான்காம் வழி: கண்ணே இல்லாமல்

கண் இல்லாவிட்டால் யார் கேட்பார்கள் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஆய்வைப் பார்க்க வேண்டும். பங்கேற்பாளர்களை ஒரு ரோபோ அறைக்கு அழைத்துப் போனது. சிலருக்கு அது வழி தப்பிச் சுற்றியும் காட்டியது. பிறகு கட்டடத்தில் செயற்கைப் புகையை நிரப்பி எச்சரிக்கை மணியை ஒலிக்கவிட்டார்கள். ரோபோவுக்கு முகம் கிடையாது. 'அவசர வழிகாட்டி' என்று ஒளிரும் பலகையும் திசைகாட்டும் கைகளும் மட்டுமே. 26 பேரும் அதன் பின்னாலேயே போனார்கள். அது சற்று முன் தவறு செய்ததை நேரில் பார்த்தவர்களும் போனார்கள். வந்த வழியிலேயே வெளியேறும் வாசல் இருந்தும் போனார்கள்.

அவசரத்தில் மக்கள் தேடுவது தெளிவான திசையை. அங்கே பார்வை எதையும் கூட்டாது. ஜெனோவா ஆய்வை நினைத்துப் பார்த்தால், கண்ணைச் சந்திப்பது முடிவைத் தாமதப்படுத்தக்கூடும். புகை சூழும்போது அந்தத் தாமதம் ஆபத்து. தீயணைப்பு வழிகாட்டி ரோபோவுக்குக் கண் வைக்க ஆசைப்படுபவர்களிடம் வேண்டாம் என்றே சொல்வேன். 26க்கு 26 என்ற எண் மகிழ்ச்சிக்குரியதும் அல்ல. கண் இல்லாத ரோபோவையே இவ்வளவு நம்பினால், வழி தவறும் ரோபோவுக்கு எவ்வளவு கடுமையான சோதனை தேவை என்பதைத்தான் அது சொல்கிறது.

2020 மே மாதம் சிங்கப்பூரின் பீஷான் அங் மோ கியோ பூங்காவில் நான்கு கால் ஸ்பாட் ரோபோ உலாவியது. முகம் என்று சொல்ல எதுவும் இல்லாத அது, இடைவெளி விட்டு நிற்கும்படி பதிவுசெய்த குரலில் நினைவூட்டியது. அங்கே அதன் பின்னால் அரசும் சட்டமும் நிற்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்கு வேலை இல்லை.

கண்ணில்லாத இயந்திரத்தின் குறை, அது யாரைக் கவனித்தது என்பது தெரியாமல் போவது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தகேயோ இகராஷியின் குழு 2022இல் ஒரு சிறு கோல்ஃப் வண்டியின் முன்பக்கத்தில் மோட்டாரால் அசையும் இரண்டு பெரிய கண்களைப் பொருத்தியது. வண்டி பாதசாரியைக் கவனித்திருந்தால் கண்கள் அவரைப் பார்க்கும்; கவனிக்காவிட்டால் வேறு பக்கம் பார்க்கும். மெய்நிகர் காட்சியில் சோதித்தபோது, சாலையைக் கடக்கும் ஆபத்தான முடிவுகள் இதனால் குறைந்தன. கட்டளையிடாமல், தன் நிலையை மட்டும் தெரிவிக்கும் பார்வை இது. நகரும் வண்டிகளுக்கு நான் விரும்பும் பயன்பாடும் இதுவே.

## ஒரே பார்வையில்

| வழி | சொன்னதைக் கேட்பது | மறுப்பது எளிதா | கூட்டத்தில் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| விலகாத நேர்ப்பார்வை | தெரியாத விஷயத்தில் கூடும், தெரிந்ததில் குறையும் | கடினம் | ஒருவருக்கு மட்டும் | சங்கடம், விலகி நிற்றல் |
| பேச்சோடு சேர்ந்த பார்வை | நியாயமான கோரிக்கையில் அதிகம் | அமைப்பதைப் பொறுத்தது | ஆளைக் குறிப்பிட முடியும் | தமிழ் நேரப்பொருத்தம், கேமரா, தரவு |
| திரைக்கண் | பொது வேண்டுகோளுக்குப் போதும் | எளிது | ஆளைக் குறிப்பிடாது | குழப்பம் |
| கண் இல்லை | அவசரத்திலும் சட்டத்தின் பின்பலத்திலும் போதும் | அவசரம் இல்லாவிட்டால் எளிது | எல்லோருக்கும் பொது | கவனித்ததா என்பது தெரியாது |

## கையெழுத்துக் கேட்கும் இடம்

அட்டவணையில் அடங்காத ஒன்று இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல், ஆய்வுக்குத் தரவு தரச் சம்மதம், நன்கொடை, கட்டணத் திட்டத்தில் சேர்வது ஆகியவற்றுக்கு எந்தப் பார்வை சரி?

இங்கிலாந்தின் ஹர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் மஹா சலேம் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு உதவி ரோபோ விசித்திரமான காரியங்களைச் செய்யச் சொன்னது. பிரிக்காத கடிதங்களைக் குப்பையில் போடு, செடிக்கு ஆரஞ்சுச் சாற்றை ஊற்று, மடிக்கணினியைத் திறக்கக் கடவுச்சொல்லைப் பயன்படுத்து. அந்த ரோபோ முன்னதாகத் தவறுகள் செய்வதைப் பார்த்தவர்களிலும் பலர் சொன்னபடியே செய்தார்கள். விருந்தாளியாகப் போன வீட்டில் முரண்டு பிடிக்க வேண்டாம் என்ற கூச்சம் மனிதருக்கு எவ்வளவு ஆழமானது! ஒப்புதல் படிவத்தின் முன் உட்கார்ந்திருக்கும் நோயாளியும் அதே கூச்சத்தோடுதான் இருக்கிறார். அவர் படிக்கும்போது எதிரே ஒரு முகம் அவரையே பார்த்துக் காத்திருந்தால் அவர் பாதியில் நிறுத்திக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அதனால் இந்த இடங்களில் என் பரிந்துரை ஒன்றே. விளக்கும்போது ரோபோ பேச்சோடு சேர்ந்து பார்க்கட்டும். "சம்மதமா?" என்ற கேள்வி முடிந்த நொடியில் பார்வை படிவத்துக்கு இறங்க வேண்டும், அங்கேயே நிற்க வேண்டும், முகத்துக்குத் திரும்பவே கூடாது. 'இல்லை' என்ற பொத்தான் 'ஆம்' அளவுக்கே பெரிதாக இருக்க வேண்டும். 'இல்லை' என்றவரிடம் மறுமுறை கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டுமென்றால் அந்த வேலையை மனிதரிடம் கொடுங்கள். சம்மத விகிதம் குறையும் என்று நிர்வாகம் தயங்கலாம். குறைந்தால், அந்த வித்தியாசம் முழுவதும் விருப்பமில்லாமல் வாங்கிய சம்மதம் என்று பொருள்.

## வாங்கும் முன்

விற்பனையாளரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பார்வையின் கால அளவை நீங்களே மாற்ற முடியுமா? வாக்கியத்துக்கு வாக்கியம் வேறு பார்வை அமைக்க முடியுமா? முகப் பின்தொடர்தலை அணைத்தால் மற்ற வசதிகள் வேலை செய்யுமா? இரண்டாவது கேள்விக்கு முடியாது என்று பதில் வந்தால், அது அசையும் கண்களுள்ள விலையுயர்ந்த தலையாக இருந்தாலும் முதல் வழிக்குள்தான் வரும். அதற்குரிய விலை மட்டும் பேசுங்கள்.

பிறகு சொந்த இடத்தில் சோதனை. ஒரு வாரம் பார்வையைப் போட்டும் மறுவாரம் அணைத்தும் ஓட்டுங்கள். சொன்னதைக் கேட்டவர் எத்தனை, மறுத்தவர் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள், முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்களைத் தனியாகக் குறியுங்கள். சொன்னதைக் கேட்டவர்களில் சிலரை ரோபோவின் பார்வைக்கு எட்டாத இடத்தில் ஊழியர் ஒருவர் சந்தித்து, "வேண்டாம் என்று சொல்ல நினைத்தீர்களா?" என்று கேட்கட்டும். ஆம் என்பவர்கள் பார்வை போட்டிருந்த வாரத்தில் கூடுதலாக இருந்தால், எந்த வாக்கியத்தின்போது அப்படி நினைத்தார்கள் என்று விசாரித்து, அந்த வாக்கியத்துக்கு மட்டும் பார்வையை அணைத்துவிடுங்கள்.